விண்ட்சர்ஃபிங் முதல் பாடம்: பாய் தூக்கும்போது முதுகு பிடித்தால்

காரைக்குடியிலிருந்து பாம்பன் பாலம் தாண்டினால் ராமேஸ்வரம் தீவு. அங்கே விண்ட்சர்ஃபிங், அதாவது பாய்மரம் பொருத்திய பலகையில் நின்று காற்றின் விசையால் தண்ணீர்மேல் ஓடும் விளையாட்டு, கற்கப் போனேன். முதல் பாடத்தில் பலகைமேல் நிற்பது கஷ்டமாயில்லை. தண்ணீரில் கிடக்கும் பாயைத் தூக்கும்போதுதான் முதுகு பிடித்தது. கை பலத்தால் இழுத்ததே தப்பு. பாய்மேல் தேங்கும் தண்ணீர் அவ்வளவு கனம்.

காற்று முதுகில் படும்படி நின்று, பாய்மரத்தின் அடிக்கு இருபுறமும் தோளகலத்தில் பாதங்களை வைத்தேன். முழங்கால் மடங்கலாம், முதுகு வளையக் கூடாது. பாயைத் தூக்குவதற்கென்று கட்டியிருக்கும் கயிற்றைப் பிடித்து உடம்பைப் பின்னால் சாய்த்து, தண்ணீர் வடியும்வரை பொறுத்து, பிறகு கைமாற்றிக் கைமாற்றி இழுத்தால் பாய் தானே எழும்பும். வீட்டு வளவுத் தூணில் கயிறு கட்டி இந்தச் சாய்வைப் பழகியது ரொம்ப உதவியது.

பாய் நிமிர்ந்ததும் பின்கையை (பலகையின் வால்பக்கம் இருக்கும் கையை) வெடுக்கென்று இழுத்தால் பாயோடு சேர்ந்து கவிழ்வோம். முன்கையால் (முனைப்பக்கம் இருக்கும் கையால்) பூமை, அதாவது பாயைப் பிடித்துக்கொள்ளும் குறுக்குக் கம்பியைப் பிடித்து, மரத்தை உடம்புக்குக் குறுக்கே பலகையின் முனைப்பக்கம் கொண்டுவந்த பிறகே பின்கையை மெல்லச் சேர்க்க வேண்டும்.

200 லிட்டர் அளவுப் பலகையும் 3 முதல் 4 சதுர மீட்டர் பாயும் கேட்டு வாங்குங்கள். காற்று 10 நாட் (மணிக்குச் சுமார் 18 கி.மீ.) போதும். தென்மேற்குக் காற்றுக் காலத்தில் தீவின் வடகரையில் அலை குறைவு, ஆனால் காற்று கடலுக்குள் தள்ளும். மீட்புப் படகு இல்லாமல் அங்கே இறங்காதீர்கள்.