100 பேருக்குச் சாம்பார் சாதம்: அடிப்பிடிக்காமல் இறக்குவது எப்படி?

2018 நவம்பர் 16, நள்ளிரவுக்குப் பின் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. விடிந்து பார்த்தால் எங்கள் தெருவில் கூரையோடு நின்ற வீடுகள் கொஞ்சம்தான். கரண்ட் இல்லை. இருந்த அரிசி, பருப்பையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து, கோயில் வாசலில் அடுப்பு மூட்டினோம். நான் அதுவரை பத்துப் பேருக்கு மேல் சமைத்ததில்லை. முதல் அண்டா அடிப்பிடித்தது. பதற்றத்தில் அடியைச் சுரண்டிக் கிளறிவிட்டேன். தீய்ந்த வாடை மொத்தச் சோற்றிலும் ஏறிவிட்டது. வந்தவர்கள் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அந்த முகங்கள் இன்னும் மறக்கவில்லை. அதற்கப்புறம் நடவு ஆட்களுக்கு, ஆடி மாத அன்னதானத்துக்கு என்று பலமுறை சமைத்துக் கற்றதை இங்கே எழுதுகிறேன்.

சாமான்: ரேஷன் புழுங்கலரிசி 10 கிலோ, துவரம்பருப்பு 3 கிலோ, காய் 8 கிலோ, தக்காளி 3 கிலோ, வெங்காயம் 2 கிலோ, புளி அரைக் கிலோ, சாம்பார் பொடி அரைக் கிலோ, கல்லுப்பு 600 கிராம், கடலை எண்ணெய் 1 லிட்டர். காயில் பாதி பரங்கிக்காயாக இருக்கட்டும். விலை குறைவு, சோற்றுக்கு நல்ல உடம்பும் கொடுக்கும். மீதிக்குக் கத்தரி, வாழைக்காய், முருங்கை. வீட்டுக் கணக்கைப் பெருக்கி உப்பையும் காரத்தையும் மொத்தமாகக் கொட்டாதீர்கள். கொஞ்சம் நிறுத்திவைத்து, ருசி பார்த்துச் சேருங்கள்.

பாத்திரம்: ஒரே பெரிய அண்டா வேண்டாம். 50 லிட்டர் பிடிக்கும் இரண்டை வாடகைக்கு எடுத்து எல்லாவற்றையும் பாதிப் பாதியாகப் பிரியுங்கள். ஒன்று கெட்டாலும் ஒன்று மிஞ்சும். வெளிப்புற அடியில் களிமண்ணைக் குழைத்துப் பூசிவிட்டால் கரி சுலபமாகப் போகும். கிளற மரத்துடுப்புதான் நல்லது. இரும்புக் கரண்டி அடியைச் சுரண்டும்.

வேகவைப்பது: பருப்பையும் அரிசியையும் தனித்தனியே ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். இரண்டு அண்டாவுக்கும் சேர்த்து மொத்தம் 45 லிட்டர் தண்ணீர் கணக்கு. பருப்பை மஞ்சள்தூள், துளி விளக்கெண்ணெய் போட்டு முக்கால் பதம் வேகவிட்டு, அரிசியையும் கெட்டிக் காய்களையும் போடுங்கள். பரங்கிக்காய் சீக்கிரம் குழையும், அதனால் கடைசியில்தான். புளியை முதலிலேயே ஊற்றினால் பருப்பும் அரிசியும் வேகாமல் முரண்டு பிடிக்கும். அரிசி முக்கால் வெந்தபிறகே புளிக்கரைசல், பொடி, உப்பு.

இனிதான் முக்கியமான கட்டம். வீட்டில் சோறு வெந்தபின் அடுப்பை அணைக்கிறோம். அண்டாவில் அப்படிச் செய்தால் குழைந்து அடிபிடித்துவிடும். அத்தனை கிலோ சோறு தன் சூட்டிலேயே இன்னும் வெந்துகொண்டிருக்கும். ஒரு பருக்கையை எடுத்து விரலால் நசுக்குங்கள். நடுவில் ஊசிமுனை அளவு வெள்ளைப் பொட்டு தெரிகிறதா? உடனே விறகை வெளியே இழுத்துவிடுங்கள். தணல் மட்டும் இருக்கட்டும். தண்ணீர் இன்னும் தளர இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம், அப்படித்தான் இருக்க வேண்டும். மூடி, 20 நிமிடம் தொடாதீர்கள். அப்புறம் வதக்கிய வெங்காயம், தக்காளி, கடுகு, பெருங்காயம், கறிவேப்பிலைத் தாளிப்பு.

பக்கத்தில் ஒரு குண்டான் வெந்நீர் எப்போதும் கொதிக்கட்டும். ஆற ஆற சோறு இறுகும். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ருசி போய்விடும். வெந்நீர் ஊற்றித் தளர்த்துங்கள்.

அப்படியும் தீய்ந்த வாடை வந்தால் அடியைத் தொடவே கூடாது. மேல்சோற்றை அள்ளி வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள். அன்றைக்கு இது தெரிந்திருந்தால் அந்த அண்டாவில் முக்கால்வாசி தப்பியிருக்கும்.

பின்சேர்க்கை: கேஸ் அடுப்பில் தணல் கிடையாதே என்று சிலர் கேட்டிருந்தீர்கள். பருப்பில் அரிசி போட்டதும் அண்டாவுக்கு அடியில் கனமான பழைய தோசைக்கல்லை வையுங்கள். தீ ஒரே இடத்தில் குத்தாது. பொட்டு தெரிந்ததும் அடுப்பை அணைத்துவிடுங்கள்.

ரேஷன் அரிசி கழுவும்போது சில அரிசி மிதக்கிறது, பிளாஸ்டிக்கா என்றும் ஒருவர் கேட்டிருந்தார். இல்லை. அது இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்த செறிவூட்டிய அரிசி. சாதாரண அரிசி 100-க்கு இது 1 என்ற கணக்கில் கலந்திருப்பார்கள். கீழே ஊற்றிவிடாதீர்கள்.