ஒற்றை ராமும் திக்கிய கேமும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என் தங்கை மகனுக்குக் குறைந்த செலவில் கேமிங் கணினி. தனி கிராபிக்ஸ் கார்டுக்குக் காசு போதாததால் ரைசன் 5 5600ஜி பிராசசர் எடுத்தோம். கிராபிக்ஸ் அதிலேயே இருக்கிறது. கடையில் 16 ஜிபி ராமை, அதாவது கணினியின் தற்காலிக நினைவகத்தை, ஒரே துண்டாகப் போட்டுத் தந்தார்கள். எதிரிகள் கூடும் இடமெல்லாம் படம் திக்கித் திக்கி ஓடியது.

"கார்டு வாங்கணுமா மாமா?"

வேண்டியதில்லை. உள்ளிருக்கும் கிராபிக்ஸுக்குச் சொந்த நினைவகம் கிடையாது, ராமைத்தான் பகிர்ந்துகொள்ளும். ஒற்றைத் துண்டென்றால் தரவு போகப் பாதை ஒன்றுதான், இரண்டென்றால் இரண்டு பாதை. அந்த ஒற்றைத் துண்டைத் திருப்பிக் கொடுத்து, 8 ஜிபியாக இரண்டு வாங்கினேன். பிராசசர் பக்கமிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் சொருகி, பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) எக்ஸ்எம்பியை, அதாவது ராமை அதன் முழு வேகத்தில் ஓடவிடும் அமைப்பை, போட்டதும் 2666இல் கிடந்த ராம் வேகம் 3200 ஆனது. திக்கல் நின்றது!

அப்புறம், பவர் சப்ளையில் மட்டும் கஞ்சம் பிடிக்காதீர்கள். நல்ல 550 வாட் போட்டோம். பிறகு நடுத்தரக் கார்டு ஒன்றைச் சேர்க்கலாம்.