குவில்ட்டை மாட்டிக் காட்ட ஸ்லீவ்: மேடு விழாமல் தைப்பது எப்படி

எங்கள் குவில்ட் (முன்துணி, பஞ்சு, பின்துணி மூன்றையும் அடுக்கித் தைக்கும் போர்வை) குழு மாதம் ஒருமுறை கூடும். கடைசி அரைமணி நேரம், அவரவர் தைத்து முடித்ததைக் காட்டுவதற்கு. இரண்டு பேர் ஆளுக்கொரு மூலையாகத் தூக்கிப் பிடிப்பார்கள். கை கடுத்து ஒரு மூலை இறங்கும், தைத்தவரோ பின்னால் மறைந்து நின்று குரல் மட்டும் கொடுப்பார். இது சரிவராது, எல்லோரும் பின்பக்கம் ஸ்லீவ் தைத்துக் கொண்டுவருவோம், கம்பைச் செருகி ஸ்டாண்டில் மாட்டிவிடலாம் என்று முடிவானது.

பாவாடையில் நாடா கோர்க்கும் பட்டையை 4 அங்குல அகலத்துக்குப் பெரிதாக்கினால் அதுதான் ஸ்லீவ். அரைமணி வேலை என்று நினைத்தேன். அம்மாவின் பழைய சுங்குடிச் சேலைகளில் தைத்த என் குவில்ட்டை மாட்டினால், மேலே குறுக்காக ஒரு மேடு. "என்னம்மா, பாம்பு எலியை முழுங்கின மாதிரி இருக்கே?" என்றார் குழுவில் மூத்த மாமி. பிரித்துத் திரும்பத் தைத்தபோது புரிந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். பைண்டிங் (ஓரத்தைச் சுற்றித் தைக்கும் துணிப் பட்டை) வரை முடித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

வெட்டுதல்

என் குவில்ட் 40 அங்குல அகலம். அதற்கு 40 அங்குல நீளம், 9 அங்குல அகலத்தில் ஒரு துண்டு. துணி எது? என்னைக் கேட்டால், துவைத்துக் காயவைத்த காடாதான். பாலியஸ்டர் லைனிங் துணி விலை குறைவு, ஆனால் ஊசிக்கு அடங்காமல் வழுக்கும். துவைக்காத காடா பின்னால் சுருங்கி, குவில்ட்டையும் சேர்த்து இழுக்கும்.

இரண்டு குட்டைப் பக்கங்களையும் அரை அங்குலம் வீதம் இரண்டு மடிப்பு மடித்துத் தையுங்கள். 38 அங்குலம் மிஞ்சும். குவில்ட்டின் இருபுறமும் ஓர் அங்குலம் விட இது சரியாக இருக்கும்.

குழலாக்குதல்

நல்ல பக்கம் வெளியே தெரியும்படி நீளவாக்கில் மடித்து, கால் அங்குலம் விட்டு மெஷினில் ஓட்டுங்கள். தலையணை உறைபோல உள்புறம் தைத்துத் திருப்ப வேண்டாம்; தையல் உள்ளே போனால் கம்பு அதில் மாட்டும். தையலை விரித்து, குழலின் ஒரு பக்கத்தின் நடுவில் வரும்படி வைத்து இஸ்திரி போடுங்கள். அந்தப் பக்கம் குவில்ட்டை ஒட்டியே இருக்கப்போகிறது, வெளியே தெரியாது.

நான் கோட்டைவிட்ட இடம்

இப்போது குழல் தட்டையாக, இருபக்கமும் 4¼ அங்குலமாக இருக்கும். அப்படியே தைத்தால் உருண்டைக் கம்புக்கு உள்ளே இடம் போதாது. அது குவில்ட்டை முன்னால் தள்ளும். மேடு வந்தது அதனால்தான்.

எனவே மேல் மடிப்பை பைண்டிங்குக்கு அரை அங்குலம் கீழே வைத்து ஊசி குத்துங்கள். கீழ் மடிப்பை இஸ்திரி போட்ட இடத்தில் விடாமல், அரை அங்குலம் மேலே உருட்டி அங்கே குத்துங்கள். குவில்ட்டை ஒட்டிய பக்கம் 3¾ ஆகக் குறையும், சுவர்ப் பக்கம் 4¾ ஆகித் தொளதொளவென்று தொங்கும். பார்க்க ஏதோ தப்பாகத் தைத்தது போலத்தான் இருக்கும். விடுங்கள், அந்தத் தொய்வில்தான் கம்பு உட்காரும்.

கைத்தையல்

மேலும் கீழும் எம்மிங். ஊசி பின்துணியையும் நடுவிலுள்ள பஞ்சையும் மட்டும் பிடிக்க வேண்டும். இடது கையைக் குவில்ட்டின் அடியில் வைத்துக்கொள்ளுங்கள். விரலில் ஊசி தட்டினால் ஆழம் அதிகம். நான் ஒரு முழம் தைத்ததும் திருப்பிப் பார்ப்பேன். முதல் தடவை பார்க்காமல் போய், முன்பக்கத்து அரக்குச் சிவப்பில் வெள்ளை நூல் வரிசையாகப் புள்ளி வைத்திருந்தது! பிளாஸ்டிக் கிளிப்பெல்லாம் பைண்டிங்குக்கு நல்லது, இங்கே குவில்ட்டின் நடுப்பரப்புக்கு எட்டாது. குண்டூசியே போதும்.

பிறகு சேர்த்தது

இதைப் பார்த்துத் தைத்த ஒருவருக்குக் கம்பு குழலுக்குள் போகாமல், குழலுக்கும் குவில்ட்டுக்கும் நடுவில் புகுந்துவிட்டதாம். நான் எழுதாமல் விட்டது தப்பு: இரண்டு முனைகளிலும், குவில்ட்டை ஒட்டிய ஒற்றைத் துணியை மட்டும் எம்மிங் செய்து ஒட்டிவிடுங்கள். குழலின் வாயை மூடிவிடாதீர்கள்.

இரட்டைக் கட்டில் அளவு குவில்ட் என்றால் ஒரே குழல் வேண்டாம். இரண்டாகத் தைத்து நடுவில் சில அங்குலம் இடைவெளி விட்டால், அந்த இடத்தில் கம்பைத் தாங்க ஓர் ஆணி கொடுக்கலாம். இல்லாவிட்டால் கம்பு நடுவில் வளைந்து, குவில்ட்டும் தொய்ந்துவிடும்.

மரக்கம்பின் முனை சிராய்ப்பாக இருந்தால் பழைய சாக்ஸ் ஒன்றை மாட்டிச் செருகுங்கள், சுலபமாகப் போகும்.