ஆளைப் பார்க்காதீர்கள், அவர் கேட்பதைப் பாருங்கள்

தெரியாதவர்களிடம் பேசாதே என்றுதான் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். சரி, கூட்டத்தில் குழந்தை தொலைந்துபோனால்? அப்போது உதவப்போவது தெரியாத ஒருவர்தான். குழந்தைகளுக்கு நேரும் பாலியல் தொல்லைகளில் பெரும்பாலானவை தெரிந்தவர்களாலேயே நடக்கின்றன என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இந்த அறிவுரையில் பெரிய ஓட்டை இருக்கிறது.

அதனால் ஆளை எடைபோடுவதைவிட, அவர் என்ன கேட்கிறார் என்று கவனியுங்கள். அவசரப்படுத்துகிறாரா, யாரிடமும் சொல்லாதே என்கிறாரா, தனியாக வரச் சொல்கிறாரா? ஒன்று இருந்தாலும் விலகிவிடலாம், அது சொந்த மாமாவாக இருந்தாலும். போனில் ஓடிபி கேட்பவருக்கும் இதே கணக்குதான்: அழைப்பைத் துண்டித்துவிட்டு, அந்த நிறுவனத்தின் எண்ணை நீங்களே தேடி அழையுங்கள். சிறு ஒலிப்பதிவை வைத்தே ஒருவரின் குரலைப் போலியாக உருவாக்க இப்போது முடிகிறது. ஆகவே போனில் பேசுவது நம் வீட்டு ஆள்தானா என்று சரிபார்க்க, வீட்டுக்குள் ஒரு ரகசியச் சொல் வைத்துக்கொள்ளுங்கள். (எங்கள் வீட்டுச் சொல்லை நானே இரண்டு முறை மறந்திருக்கிறேன், அது வேறு கதை.)

அப்புறம், உதவி தேவைப்பட்டால் வலிய வருபவருக்குக் காத்திருக்காமல் ஆளை நீங்களே தேர்ந்தெடுங்கள். 1968இல் டார்லி, லத்தானே என்ற உளவியலாளர்கள் வெளியிட்ட சோதனையில், ஒருவருக்கு வலிப்பு வருவது போன்ற குரல் கேட்டபோது, தான் மட்டுமே கேட்பதாக நம்பியவர்களில் 85 சதவீதம் பேர் வலிப்பு முடிவதற்குள் உதவிக்கு எழுந்தார்கள். இன்னும் நான்கு பேர் கேட்பதாக நினைத்தவர்களில் 31 சதவீதம்தான். எனவே கூட்டத்தைப் பார்த்துக் கத்தாமல், "நீலச் சட்டை அண்ணே, கொஞ்சம் இங்க வாங்க" என்று ஒருவரைக் குறிப்பிட்டு அழையுங்கள்.