இயக்கங்களின் கொள்கை மாற்றத்தைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பினாங்கில் எங்கள் வாசிப்புக் குழு கூடினால் ஈழப் பேச்சு எழாமல் இருக்காது. அங்கே அடிக்கடி கேட்கும் வாதம், "புலிகள் முதல் நாள் கேட்டதைத்தான் கடைசிவரை கேட்டார்கள்" என்பது. சான்றாகத் தனிநாடு கோரிய 1976 வட்டுக்கோட்டைத் தீர்மானத்தைக் காட்டுவார்கள். அந்தத் தீர்மானத்தை நிறைவேற்றியது தமிழர் விடுதலைக் கூட்டணி. புலிகளோ 2002 டிசம்பரில் ஒஸ்லோவில், ஒன்றுபட்ட இலங்கைக்குள் கூட்டாட்சித் தீர்வை ஆராய அரசுடன் சேர்ந்து ஒப்புக்கொண்டார்கள். சரி, அப்படியானால் தனிநாட்டைக் கைவிட்டுவிட்டார்களா? அப்படி எழுதுவதும் தவறுதான். ஆராய ஒப்புக்கொள்வது வேறு, ஏற்றுக்கொள்வது வேறு.

நம் சொந்தக் காயத்தை வைத்துக்கொண்டு இதை நிதானமாகப் படிப்பது கஷ்டம். அதனால் முதலில் இந்தோனேசியாவின் சுமத்ரா தீவிலுள்ள ஆச்சேயைப் படிக்கச் சொல்வேன். ஜார்ஜ் டவுனில் லெபோ ஆச்சே என்று தெருவே இருக்கிறது, அவ்வளவு பழைய உறவு. 1976 டிசம்பர் 4 அன்று ஹசன் டி திரோ ஆச்சேயின் சுதந்திரத்தை அறிவித்தார். 2005 ஆகஸ்ட் 15 அன்று ஹெல்சிங்கியில் அவருடைய இயக்கம் இந்தோனேசியாவுக்குள் தன்னாட்சியை ஏற்றுக் கையெழுத்திட்டது. அடுத்த ஆண்டுத் தேர்தலில் இயக்கத்தைச் சேர்ந்த இர்வாண்டி யூசுப் ஆளுநராக வென்றார்.

இந்த மாற்றத்தை, "2004 சுனாமி அவர்கள் மனத்தை மாற்றியது" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். சுனாமி அவசரத்தைக் கூட்டியது, அதை மறுக்கவில்லை. ஆனால் பேச்சுக்கான ஏற்பாடு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 2003இல் வந்த ராணுவச் சட்டத்துக்குப் பிறகு காட்டில் இருந்தவர்கள் களைத்துப் போயிருந்தார்கள். ஜகார்த்தாவும் 1998இல் சுஹார்த்தோ விழுந்த பிறகு பழைய ஜகார்த்தா இல்லை. இயக்கம் மட்டுமே மாறியது போல எழுதினால் பாதிக் கதைதான் கிடைக்கும்.

அப்புறம் இன்னொரு தவறு, மதமா தேசியமா என்று ஒரே முத்திரை குத்துவது. தெற்குப் பிலிப்பைன்ஸில் மோரோ முஸ்லிம்களுக்காகப் போராடிய நூர் மிசுவாரியின் முன்னணி தேசியத்தை முன்வைத்தது. அதிலிருந்து விலகிய ஹாஷிம் சலாமத் இஸ்லாத்தை முன்வைத்தார். அவர் தொடங்கிய அமைப்புதான் கோலாலம்பூரில் ஆண்டுக்கணக்கில் பேசி, 2014இல் மணிலாவில் தன்னாட்சிக்குக் கையெழுத்திட்டது. பேச்சு நடந்துகொண்டிருந்தபோதே, அதை ஏற்காத ஒரு பிரிவு துப்பாக்கியோடு வெளியேறியது. தலைமை மேசையில் சொன்னதை எல்லாப் போராளிகளின் குரலாக எழுதினால் இவர்கள் கணக்கில் வரவே மாட்டார்கள்.