பழைய ஸ்டைல்ஸ் பேனலிலிருந்து சிஎஸ்எஸ் டிசைனருக்கு: தொடக்கநிலையினருக்கான செய்முறை விளக்கம்

வலைப்பக்கங்களை உருவாக்க உதவும் ட்ரீம்வீவர் மென்பொருளில், பக்கத்தின் தோற்றத்தை விவரிக்கும் சிஎஸ்எஸ் மொழியைக் கையாளப் பல பதிப்புகளாக இருந்துவந்த ‘சிஎஸ்எஸ் ஸ்டைல்ஸ்’ பேனல், 2013 ஜூனில் வெளியான சிசி பதிப்பில் நீக்கப்பட்டு, அதன் இடத்துக்கு ‘சிஎஸ்எஸ் டிசைனர்’ வந்தது. பழைய புத்தகத்தையோ பழைய காணொளியையோ பார்த்துக் கற்றுக்கொள்பவர்கள் இன்றும் அந்த இடத்தில்தான் தடுமாறி நிற்கிறார்கள். புத்தகம் ‘நியூ சிஎஸ்எஸ் ரூல்’ என்ற பட்டனைக் கிளிக் செய்யச் சொல்கிறது. திரையில் அந்தப் பட்டனே இல்லை. பண்புகளை வகைவகையாகப் பிரித்துக் காட்டிய பெரிய உரையாடல் பெட்டியும் இல்லை. அதற்குப் பதிலாக, ஒன்றன்கீழ் ஒன்றாக நான்கு பகுதிகள் தெரிகின்றன.

அந்த நான்கு பகுதிகளின் வரிசையைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்துவிடும். ஒரு ஸ்டைலை மாற்றுகிறவர் எந்த மென்பொருளில் வேலை செய்தாலும் நான்கு கேள்விகளுக்கு விடை சொல்லியாக வேண்டும்: மாற்றம் எந்தக் கோப்பில் எழுதப்பட வேண்டும், எந்தத் திரை அளவுக்குப் பொருந்த வேண்டும், பக்கத்தின் எந்த உறுப்பைப் பிடிக்க வேண்டும், அந்த உறுப்பின் எந்தப் பண்பை மாற்ற வேண்டும். பழைய பேனல் இவற்றில் சிலவற்றை உரையாடல் பெட்டிக்குள் மறைத்து வைத்திருந்தது. புதிய பேனல் நான்கையும் சோர்சஸ், மீடியா, செலக்டர்ஸ், பிராப்பர்ட்டீஸ் என்ற பெயர்களில் வெளிப்படையாக, அதே வரிசையில் கேட்கிறது. தொடக்கநிலையினருக்கு இந்த ஏற்பாடே மேலானது என்பது என் கருத்து; பேனலைப் பழகும்போதே சிஎஸ்எஸ் மொழியின் கட்டமைப்பும் மனத்தில் பதிந்துவிடுகிறது.

முதலில் செய்யவேண்டிய ஏற்பாடு

உங்கள் உண்மையான வலைத்தளத்தில் நேரடியாகப் பழக வேண்டாம். தனிக் கோப்புறை ஒன்றை உருவாக்கி, அதில் ஒரு தலைப்பு, இரண்டு பத்திகள், ‘பதிவு செய்க’ என்ற இணைப்பு ஆகியவை மட்டும் கொண்ட பக்கத்தைச் சேமித்துக்கொள்ளுங்கள். இணைப்புக்குப் பட்டன் என்ற கிளாஸ் பெயரை (உறுப்பை அடையாளம் காட்ட உதவும் பெயரை) கொடுங்கள். இனி வரும் படிகள் அனைத்தையும் இந்தச் சிறிய பக்கத்தில் செய்து பார்க்கலாம்.

பழைய உரையாடல் பெட்டியில் ஓகே அழுத்தும் வரை, அல்லது அப்ளை கொடுக்கும் வரை, கோப்பில் எதுவும் மாறாது. புதிய பேனலில் மதிப்பைத் தட்டச்சு செய்து என்டர் அழுத்திய அக்கணமே விதி, அதாவது ஓர் உறுப்பு எப்படித் தோன்ற வேண்டும் என்ற கட்டளை, ஸ்டைல்ஷீட் எனப்படும் சிஎஸ்எஸ் கோப்பில் எழுதப்பட்டுவிடுகிறது. கன்ட்ரோல் விசையுடன் இசட் அழுத்தி அதைத் திரும்பப் பெறலாம் என்றாலும், தனிக் கோப்புறையில் பழகுவது மனத்துக்குத் துணிவைத் தரும்.

படி 1: பேனலைத் திறந்து அகலப்படுத்துதல்

விண்டோ மெனுவில் சிஎஸ்எஸ் டிசைனரைத் தேர்ந்தெடுங்கள்; ஷிஃப்ட் விசையுடன் எஃப்11 அழுத்தினாலும் திறக்கும். பேனலின் இடது விளிம்பைப் பிடித்துச் சற்று இழுத்தால், போதிய அகலம் கிடைத்தவுடன் அது இரண்டு நெடுவரிசைகளாகப் பிரிந்து, முதல் மூன்று பகுதிகளை ஒருபுறமும் பண்புகளை மறுபுறமும் காட்டும். குறுகிய நிலையில் பகுதிகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்பதால் பலர் இந்தப் பேனலை வெறுத்துவிடுகிறார்கள். அகலப்படுத்திய பிறகு அந்தச் சிரமம் பெரும்பாலும் நீங்கிவிடுகிறது.

பேனலின் மேற்பகுதியில் ஆல், கரன்ட் என்ற இரண்டு பட்டன்கள் உள்ளன. ஆல் நிலையில் பக்கத்தோடு தொடர்புடைய எல்லா விதிகளும் தெரியும். கரன்ட் நிலையில், பக்கத்தில் நீங்கள் தேர்ந்தெடுத்துள்ள உறுப்பைப் பாதிக்கும் விதிகள் மட்டும் தெரியும். புதிய விதி எழுதும்போது ஆல் நிலையிலும், ஏற்கெனவே உள்ள ஒன்று ஏன் இப்படித் தெரிகிறது என்று ஆராயும்போது கரன்ட் நிலையிலும் இருங்கள்.

படி 2: கோப்பைத் தீர்மானித்தல்

சோர்சஸ் பகுதியின் கூட்டல் குறியைக் கிளிக் செய்தால் மூன்று வழிகள் கிடைக்கும்: புதிய சிஎஸ்எஸ் கோப்பை உருவாக்கலாம், இருக்கும் கோப்பை இணைக்கலாம், அல்லது பக்கத்துக்குள்ளேயே விதிகளை வைத்துக்கொள்ளலாம். முதல் வழியைத் தேர்ந்தெடுத்து, கோப்புக்குப் பெயர் கொடுத்து, இணைக்கும் முறையாக லிங்க் என்பதையே வைத்திருங்கள். பக்கத்துக்குள் எழுதும் ஸ்டைல்கள் அந்த ஒரு பக்கத்துக்கு மட்டுமே உதவும். பத்துப் பக்கங்கள் கொண்ட தளத்தில் ஒரு நிறத்தை மாற்றுவதற்குப் பத்து இடங்களில் கை வைக்க நேரும்.

கோப்பு உருவானதும் அதன் பெயர் சோர்சஸ் பட்டியலில் தோன்றும். அதைக் கிளிக் செய்து தேர்ந்தெடுத்த பிறகே அடுத்த பகுதிக்குச் செல்லுங்கள். மேலே எது தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளதோ அதற்கு உட்பட்டவை மட்டுமே கீழே தெரியும் என்பது இந்தப் பேனலின் அடிப்படை விதி.

படி 3: திரை அளவைத் தீர்மானித்தல்

புதியவர்கள் அதிகம் குழம்பும் இடம் இதுதான். இதில் சற்று நிதானமாக நின்று போவது நல்லது.

மீடியா பகுதியில் முதல் வரியாக குளோபல் என்று இருக்கும். எந்த நிபந்தனையும் இல்லாமல் எல்லாத் திரைகளுக்கும் பொருந்தும் விதிகள் அதற்குள் அடங்கும். கூட்டல் குறியை அழுத்தி, அதிகபட்ச அகலம் 768 பிக்சல் என்று நிபந்தனை கொடுத்தால், அதற்குக் கீழ்ப்பட்ட திரைகளுக்கான தனிப் பிரிவு ஒன்று உருவாகும். மீடியா குவரிகள் எனப்படும் இத்தகைய நிபந்தனைகள் 2012 ஜூனில், இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரைத் தரமாயின. கைப்பேசித் திரைகளுக்கென்று தனி விதிகள் எழுதுவது அன்றாட வேலையாகிவிட்ட அக்காலத்தில், அந்த வேலைக்குத் தனி இடம் இல்லாத பழைய பேனல் போதாமல் போனதில் வியப்பில்லை.

இப்போது சிக்கலைப் பாருங்கள். நீங்கள் 768 பிக்சல் பிரிவைக் கிளிக் செய்துவிட்டு, அதை மறந்து, செலக்டர்ஸ் பகுதிக்குப் போய்ப் புதிய விதி ஒன்றை எழுதுகிறீர்கள். அந்த விதி குளோபலில் சேராது. மீடியா பிரிவுக்குள்தான் போய்ச் சேரும். கணினித் திரையில் அதன் விளைவு தெரியாது. மென்பொருள் வேலை செய்யவில்லை என்று நினைத்து அதே விதியை மீண்டும் மீண்டும் எழுதுவீர்கள். பிறகு ஒருநாள் கைப்பேசியில் திறந்து பார்க்கும்போது அத்தனை விதிகளும் ஒன்றாக வெளிப்படும். ஆகவே, புதிய செலக்டரை (விதி எந்த உறுப்பைப் பிடிக்க வேண்டும் என்று சொல்லும் பெயரை) சேர்க்கும் முன் ஒவ்வொரு முறையும் மீடியா பகுதியில் எந்த வரி தேர்வாகியுள்ளது என்று பாருங்கள். எழுதிய விதி பட்டியலிலிருந்து காணாமல் போய்விட்டதாகத் தோன்றினாலும் முதலில் பார்க்க வேண்டியது அதே வரியைத்தான்.

இன்னொன்றும் இங்கே கவனிக்கத்தக்கது. மீடியா பிரிவுக்குள் இருப்பதால் ஒரு விதிக்குக் கூடுதல் வலிமை எதுவும் வந்துவிடாது. ஒரே செலக்டருக்குப் பொது விதியும் கைப்பேசி விதியும் இருந்தால், கோப்பில் பின்னால் வருவதே செல்லும். பொது விதிகள் மேலேயும் மீடியா பிரிவுகள் கீழேயும் இருக்க வேண்டும். அதிகபட்ச அகலத்தை நிபந்தனையாகக் கொண்ட பிரிவுகள் பல இருந்தால் பெரிய எண் முன்னும் சிறிய எண் பின்னுமாக அமைய வேண்டும். பேனலின் பட்டியலை மட்டும் நம்பாமல், கோப்பில் எழுதப்பட்டுள்ள வரிகளை அப்படியே காட்டும் கோட் வியூவில் ஸ்டைல்ஷீட்டைத் திறந்து இந்த வரிசையைக் கண்ணால் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

படி 4: செலக்டரைச் சேர்த்தல்

குளோபலைத் தேர்ந்தெடுத்துவிட்டு, பக்கத்தில் ‘பதிவு செய்க’ இணைப்பைக் கிளிக் செய்து, செலக்டர்ஸ் பகுதியின் கூட்டல் குறியை அழுத்துங்கள். மென்பொருள் தானாகவே ஒரு செலக்டரைப் பரிந்துரைக்கும். பெரும்பாலும் அது, இணைப்பைச் சூழ்ந்துள்ள தாய் உறுப்புகளையும் சேர்த்துக்கொண்ட நீளமான பெயராக இருக்கும். அதை அப்படியே ஏற்றுக்கொள்ளாதீர்கள். மேல் அம்புக்குறி, கீழ் அம்புக்குறி விசைகளை அழுத்தினால் பரிந்துரையின் நீளம் குறையும், கூடும். விரும்பினால் முழுவதையும் அழித்துவிட்டுப் புள்ளி வைத்துக் கிளாஸ் பெயரை மட்டும் தட்டச்சு செய்யலாம். நமக்கு அது போதும்.

நீளமான செலக்டரை நான் தவிர்க்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஐடி (ஒரே ஓர் உறுப்புக்கான பெயர்), கிளாஸ் (பல உறுப்புகளுக்கும் பொதுவாகக் கொடுக்கக்கூடிய பெயர்), டேக் (உறுப்பின் வகைப் பெயர்) ஆகிய மூன்றில் ஐடிக்கு வலிமை அதிகம், அடுத்து கிளாஸ், கடைசியில் டேக். ஐடியைக் கொண்டு தொடங்கும் நீண்ட செலக்டரை இன்று ஏற்றுக்கொண்டால், நாளை ஒற்றைக் கிளாஸ் கொண்டு எழுதும் எந்த விதியாலும் அதை மீற முடியாது. அதை வெல்ல இன்னும் நீளமான செலக்டர், அதை வெல்ல அதனினும் நீளமானது என்று கோப்பு ஊதிக்கொண்டே போகும்.

செலக்டரின் மீது வலது கிளிக் செய்தால் ஸ்டைல்களை நகலெடுக்கவும், ஒட்டவும், மீடியா பிரிவு ஒன்றுக்குள் பிரதி எடுக்கவும் வழி உண்டு. பட்டியல் நீண்டுவிட்டால் மேலே உள்ள தேடல் பெட்டியில் பெயரின் சில எழுத்துகளைக் கொடுத்துத் தேடலாம்.

படி 5: பண்புகளை மாற்றுதல்

பிராப்பர்ட்டீஸ் பகுதி லேஅவுட், டெக்ஸ்ட், பார்டர், பேக்கிரவுண்ட், மோர் எனப் பிரிக்கப்பட்டுள்ளது. பழைய பெட்டியின் வகைகளோடு பழகியவர்கள் தேடி அலைய வேண்டாம். பாக்ஸ் வகையில் இருந்த அகலம், மார்ஜின் (உறுப்பின் வெளிப்புற இடைவெளி), பேடிங் (உட்புற இடைவெளி) ஆகியவையும், பிளாக் வகையில் இருந்த டிஸ்பிளேயும் இப்போது லேஅவுட்டில் இருக்கின்றன. எழுத்துரு, வரி உயரம், உரையின் சீரமைப்பு ஆகியவை டெக்ஸ்டின் கீழ் வந்துவிட்டன. பட்டியலில் இல்லாத பண்பு எதுவானாலும் மோர் பகுதியில் பெயரையும் மதிப்பையும் நீங்களே எழுதிச் சேர்க்கலாம்.

இப்போது பட்டன் விதிக்கு நான்கு பக்கமும் 12 பிக்சல் பேடிங் கொடுப்போம். லேஅவுட்டில் பேடிங் என்ற இடத்தில் ஒரு சிறிய பெட்டியின் நான்கு பக்கங்களிலும் எண்கள் தெரியும். நடுவே சங்கிலிக் குறி இருக்கும். சங்கிலியைக் கிளிக் செய்துவிட்டு ஏதேனும் ஒரு பக்கத்தில் 12 என்று கொடுத்தால் நான்கு பக்கங்களும் சேர்ந்து மாறும். பிறகு சங்கிலியை விடுவித்து, இடதுபுறத்தையும் வலதுபுறத்தையும் மட்டும் 20 ஆக்கிப் பாருங்கள். கோட் வியூவும் திறந்திருந்தால், ஒவ்வோர் எண்ணுக்கும் கோப்பில் எந்த வரி மாறுகிறது என்பதைக் கையோடு காணலாம். சிஎஸ்எஸ் கற்பதற்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

ஷோ செட் என்ற தேர்வுப்பெட்டியில் குறியிட்டால், நீங்கள் மதிப்புக் கொடுத்துள்ள பண்புகள் மட்டும் எஞ்சி நிற்கும். விதியைப் படிக்கும்போது குறியிட்டு வையுங்கள். புதிய பண்பைத் தேடும்போது எடுத்துவிடுங்கள். குறி இருக்கும் நிலையில் மற்றப் பண்புகள் மறைந்திருக்குமே தவிர, நீக்கப்பட்டுவிடுவதில்லை.

ஒரு பண்பின் மீது சுட்டியைக் கொண்டுபோனால் அதைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கும் குறியும் குப்பைத்தொட்டிக் குறியும் தோன்றும். நிறுத்தி வைத்தால் அந்த வரி கோப்பிலிருந்து அழிவதில்லை. குறிப்புரையாக மாற்றப்பட்டு அங்கேயே இருக்கும். சோதனைக்காக நிறுத்தியவற்றை வேலை முடிந்ததும் மீட்டெடுங்கள் அல்லது நீக்கிவிடுங்கள்.

மாற்றம் தெரியாவிட்டால்

முதலில் ஸ்டைல்ஷீட் சேமிக்கப்பட்டதா என்று பாருங்கள். பக்கத்தைச் சேமிப்பது வேறு, ஸ்டைல்ஷீட்டைச் சேமிப்பது வேறு. அடுத்து, கரன்ட் நிலைக்கு மாறி, அதே உறுப்பை வேறு எந்த விதி பாதிக்கிறது என்று காணுங்கள். பிறகும் பிடிபடவில்லையென்றால் உலாவியில் பக்கத்தைத் திறந்து, உறுப்பின் மீது வலது கிளிக் செய்து இன்ஸ்பெக்ட் கொடுங்கள். தோற்றுப்போன விதிகள் அங்கே குறுக்குக் கோட்டுடன் அடிக்கப்பட்டிருக்கும். வென்ற விதியின் பக்கத்தில் கோப்பின் பெயரும் வரி எண்ணும் இருக்கும். உலாவி பழைய கோப்பையே வைத்துக்கொண்டிருந்தால், கன்ட்ரோல் விசையுடன் எஃப்5 அழுத்திப் புதிதாக ஏற்றுங்கள்.

வேறு மென்பொருளில் இதே நிலை வந்தால்

வலைத்தளங்களை உருவாக்க உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளைப் பயன்படுத்துவோருக்கும் இதே அனுபவம் நேர்ந்தது. 2022 ஜனவரியில் வந்த 5.9 பதிப்பில், முழுத் தளத்தின் தோற்றத்தையும் அமைக்க உதவும் சைட் எடிட்டர் சேர்ந்தது. அந்த எடிட்டரோடு இயங்கும் பிளாக் தீம் என்ற தள வடிவமைப்புக்கு மாறியவர்களின் அப்பியரன்ஸ் மெனுவில் கஸ்டமைஸ் என்ற வரி பொதுவாகக் காணப்படுவதில்லை. அங்கிருந்த கூடுதல் சிஎஸ்எஸ் பெட்டி, 2023 மார்ச்சில் வந்த 6.2 பதிப்பில் சைட் எடிட்டரின் ஸ்டைல்ஸ் பகுதிக்குள் இடம்பிடித்தது. முழுத் தளத்துக்கும் ஒரு பெட்டி, ஒவ்வொரு பிளாக் வகைக்கும் தனித்தனிப் பெட்டி என்று அது இரண்டு நிலைகளில் கிடைக்கிறது. அங்கேயும் அதே நான்கு கேள்விகளைக் கேட்டுக்கொண்டு தேடுங்கள்: இது தளம் முழுவதற்குமா, ஒரு பிளாக்குக்கு மட்டுமா; எல்லாத் திரைகளுக்குமா; எந்த உறுப்பு; எந்தப் பண்பு. தேடவேண்டிய இடம் சீக்கிரமே கண்ணில் படும்.

கடைசியாக, ட்ரீம்வீவரில் பேனல்களை உங்களுக்கு வசதியாக அமைத்துக்கொண்ட பிறகு விண்டோ மெனுவில் வொர்க்ஸ்பேஸ் லேஅவுட்டுக்குள் சென்று, நியூ வொர்க்ஸ்பேஸ் கொடுத்து அந்த அமைப்புக்கு ஒரு பெயர் சூட்டிச் சேமித்துவிடுங்கள். பேனல்கள் இடம் மாறிப்போனால், அதே மெனுவின் வழியாக உங்கள் அமைப்பை மீட்டுக்கொள்ளலாம்.