தட்டைக் கூரை ஒழுகினால் ஓட்டையைக் கண்டுபிடிப்பது எப்படி?

நான் பராமரிக்கும் கிடங்கில் ஒரு தூணுக்குப் பக்கத்தில் இரண்டு வருடமாக ஒழுகிக்கொண்டே இருந்தது. மழை பெய்யும், சொட்டும், மேலே போய் ஒட்டுப் போடுவோம், அடுத்த மழையில் மறுபடி சொட்டும். கடைசியில் பார்த்தால், ஓட்டை இருந்தது சொட்டிய இடத்திலிருந்து ஏறக்குறைய ஆறு மீட்டர் தள்ளி. அதைக் கண்டுபிடித்த வழியைத்தான் வரிசையாக எழுதுகிறேன்.

1. முதலில் உள்ளே பாருங்கள்

ஃபால்ஸ் சீலிங் பலகையைத் தள்ளிவிட்டு டார்ச் அடியுங்கள். ஏ.சி. டக்ட்டும் குளிர்நீர்க் குழாயும் வியர்த்துச் சொட்டினாலும் கூரை ஒழுகுவது போலவே தெரியும். மழையே இல்லாத நாட்களில் சொட்டுகிறதென்றால் ஏ.சி.யைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

அப்புறம், சொட்டும் இடத்தை அளந்து மேலே சாக்பீஸால் குறியுங்கள். உள்ளேயும் மேலேயும் தெரிகிற ஏதாவது ஒன்றிலிருந்து, உதாரணமாக மழைநீர்க் குழாயிலிருந்து, அளந்தால் சுவர்க் கனம் கணக்கைக் குழப்பாது. கூரைமேல் விரித்து ஒட்டியிருக்கும் நீர்ப்புகா ஷீட்டுக்கு அடியில் புகுந்த தண்ணீர் வாட்டம் போகிற பக்கம் ஓடி, விரிசலோ தகரத் தளத்தின் இணைப்போ கிடைக்கிற இடத்தில்தான் இறங்கும். அதனால் குறியிலிருந்து மேட்டுப் பக்கமாகத் தேடுங்கள்.

2. கண்ணாலும் கையாலும்

நடுப்பரப்பைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். கைப்பிடிச்சுவரில் ஷீட் ஏறும் இடம், குழாய் துளைத்து வரும் இடம், வடிகால் வாய், ஏ.சி. மேடை, பெரும்பாலான ஒழுகல் இங்கேதான். இபிடிஎம் எனப்படும் கருப்பு ரப்பர் ஷீட் வயதானால் சுருங்கும். சுவரடியில் ஒட்டாமல் கூடாரம் போல விறைத்து நிற்கும். தார் ஷீட்டில் கொப்புளம் வரும். ஒழுகாத கொப்புளத்தைக் கிழிக்காதீர்கள். மழை நின்று 48 மணி நேரம் கழித்தும் தண்ணீர் நிற்கிற இடங்களைக் குறித்துவையுங்கள்.

டிபிஓ, பிவிசி எனப்படும் பிளாஸ்டிக் வகை ஷீட்டுகளின் இணைப்பு சூட்டில் பற்றவைத்தது. பார்வைக்கு நன்றாக இருந்தாலும் உள்ளே ஒட்டாமல் இருக்கலாம். முனை மழுங்கிய கொக்கியை இணைப்பின் விளிம்பில் லேசாக அழுத்தி இழுத்துக்கொண்டே போங்கள். பற்றாத இடத்தில் முனை உள்ளே நழுவும். கூர்மையான ஸ்க்ரூடிரைவர் வேண்டவே வேண்டாம், நல்ல ஷீட்டையும் அது கிழித்துவிடும்.

3. தண்ணீர் விட்டுப் பார்ப்பது

நான் ஏமாந்தது இந்த இடத்தில்தான். காய்ந்த நாளாகப் பாருங்கள். ஒருவர் மேலே ஹோஸுடன், ஒருவர் கீழே டார்ச்சுடன், இருவரிடமும் போன். தாழ்வான இடத்தில் தொடங்கி மேல்நோக்கிப் போக வேண்டும். மேலிருந்து விட்டால் தண்ணீர் வழிந்து எல்லா இடத்தையும் நனைத்துவிடும், எது குற்றவாளி என்று தெரியாது. பீய்ச்சி அடிக்காமல் மெல்ல ஓடவிடுங்கள்.

முதல் தடவை ஓர் இடத்துக்குப் பத்து நிமிடம்தான் கொடுத்தேன். கைப்பிடிச்சுவர் மூலையை முடித்து, அடுத்த இரண்டு இடங்களையும் நனைத்து, ஏ.சி. மேடையில் தண்ணீர் விட்டபோது கீழிருந்து "சொட்டுது!" என்று குரல் வந்தது. மேடை முழுவதையும் பிரித்து மறுபடி ஒட்டினோம். அடுத்த மழையில் அதே இடத்தில் அதே சொட்டு. உண்மையில் அது மூலையில் விட்ட தண்ணீர். கீழே வந்து சேர அவ்வளவு நேரம் எடுத்திருக்கிறது.

அடுத்த தடவை ஓர் இடத்துக்கு 40 நிமிடம் என்று வைத்து, தொடங்கிய நேரத்தை நோட்டில் எழுதினேன். மூலையில் 35 நிமிடத்தில் சொட்டியது. வேறெங்கும் தண்ணீர் விடவில்லை என்பதால் சந்தேகத்துக்கே இடமில்லை. போய்ப் பார்த்தால், ஷீட்டின் மேல்விளிம்பைப் பிடிக்கும் அலுமினியப் பட்டையின் மேல் சீலன்ட் முழுசாகத்தான் தெரிந்தது. கட்டை விரலால் அழுத்தியதும் சுவரிலிருந்து நகக்கண் அளவு விலகி, உள்ளேயிருந்து தண்ணீர் குமிழியிட்டு வந்தது.

வடிகாலை அடைத்துத் தண்ணீர் தேக்கிப் பார்ப்பதும் உண்டு. 50 மி.மீ. தண்ணீர் என்றால் சதுர மீட்டருக்கு 50 கிலோ. கட்டமைப்புப் பொறியாளரைக் கேட்காமல் செய்யாதீர்கள்.

4. கருவிகள்

தெர்மல் கேமரா பெரிய கூரைக்கு நல்லது. வெயிலடித்த நாளின் மாலையில், சூரியன் மறைந்த பிறகு பாருங்கள். ஷீட்டுக்கு அடியில் இருக்கும் இன்சுலேஷன் (வெப்பத் தடுப்பு அடுக்கு) நனைந்திருந்தால் சூட்டைப் பிடித்து வைத்திருப்பதால் தனியாகத் தெரியும். அது காட்டுவது ஈரத்தை, ஓட்டையை அல்ல. உயர் மின்னழுத்தச் சோதனையில் ஷீட் மின்சாரத்தைத் தடுக்கும், ஓட்டை இருக்கிற இடத்தில் மட்டும் அது கீழே பாயும்; அதனால் ஊசித்துளையையும் காட்டும், ஆனால் கூரை காய்ந்திருக்க வேண்டும். சாதாரண கருப்பு இபிடிஎம் ஷீட்டுக்கு அது உதவாது, அதிலுள்ள கார்பனே மின்சாரத்தைக் கடத்தும்.

5. அடைப்பது

துடைத்து, காயவைத்து, அதே வகை ஷீட்டால் ஒட்டுப் போடுங்கள். கைக்குக் கிடைத்த சிலிக்கானை அப்பாதீர்கள். பின்னால் அதன்மேல் வேறெதுவும் ஒட்டாது, சுரண்டி எடுப்பதற்குள் ஒரு நாள் போய்விடும்.

பின்சேர்க்கை: ஓட்டையை அடைத்த பிறகும் சொட்டுகிறது என்று இருவர் கேட்டிருந்தார்கள். மழையில்லாமல் சொட்டி, நாளுக்கு நாள் குறைந்தால் அது இன்சுலேஷனில் தேங்கிய பழைய தண்ணீராக இருக்கலாம். சந்தேகமான இடத்தில் உள்ளங்கை அளவு வெட்டி எடுத்து அழுத்திப் பாருங்கள். தண்ணீர் கசிந்தால் நனைந்த பகுதி முழுவதையும் மாற்ற வேண்டும். வெட்டிய இடத்தை அன்றே மூடிவிடுங்கள்.